நம் திடலும் கால்பந்து வாதங்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை



ஜூபிலி மலர் என்றால் ஆலயத்தின் அடிக்கல், கொடிமரம், மணி, இங்கே பணியாற்றிச் சென்ற குருக்கள், அருட்சகோதரிகள், உபதேசியார்கள் ஆகியோரைப் பற்றிய கட்டுரைகள் இடம்பெறுவது வழக்கம். அவை யாவும் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டதோ கால்பந்து. பங்குத்தந்தை எழுதவேண்டிய பொருளா இது என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். கடைசிவரை பொறுமையாய் வாசித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுமாறு அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின் ஆலயத் திடலின் ஓரத்து வேப்பமரத்தடியில் கூடும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். மறையுரையில் நாம் சொன்னதைப் பற்றி அங்கே ஒருநாளும் சர்ச்சை எழுந்ததில்லை. ஆனால் முந்தின நாள் மாலை நம் வாலிபர் அணி ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழும் சர்ச்சை மதியச் சாப்பாட்டு நேரம்வரை நீளும். மூத்தவர்கள் ஒரு கட்சி. "பந்தை ஓங்கி அடிச்சு முன்னால தள்ளுங்கலே, அங்க ஒருத்தன் ஓடிப் பிடிச்சுக்கிடுவான்" என்பது அவர்கள் கொள்கை. இளையவர்கள் எதிர்க்கட்சி. "அண்ணாச்சி, அது அந்தக் காலம். இப்பல்லாம் பின்னாலயிருந்தே சின்னச் சின்ன பாஸா கொண்டுபோகணும்" என்பது அவர்கள் பதில். பிறகு பேச்சு ஆட்களைப் பற்றித் திரும்பும். இன்னான் ஃபார்மில் இருக்கிறான், இன்னானுக்குப் போய்விட்டது, இன்னானை உட்காரவைத்துவிட்டு அவன் தம்பியை இறக்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் தேர்வாளர் ஆகிவிடுவர். முடிவில் நம்மைப் பார்த்து, "சாமி, நீங்களே சொல்லுங்க" என்பார்கள். நாமும் சும்மா இருப்பதில்லை.

கடந்த சாரல் காலத்தில், வெளியூர்ப் போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தில் நம் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. மேக்கரைப் பக்கத்து மலையில் மேகம் இறங்கி, நாள் முழுதும் தூறல். புல் நனைந்து, பந்தும் நனைந்து சோப்புக் கட்டிபோல் வழுக்கியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், நேராக வந்த ஒரு பந்து நம் கோல் காப்பாளனின் கைகளுக்குள் வந்தும் நழுவி, கோட்டைக் கடந்தது. திரும்பி வரும் வேனில் தொடங்கிய பேச்சு, மறுநாள் வேப்பமரத்தடியில் வழக்காகிவிட்டது. ஆட்டமுறை சரியா தவறா என்று தொடங்கியது, அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்பதில் முடிந்தது. அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். நாமும் எல்லோரும் கேட்க, "அதைப் பிடித்திருக்கலாமே தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னோம். அடுத்த வாரம் அவன் திடலுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் திருப்பலிக்கும் வரவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதும் இவ்வளவும் அவனுடைய அனுமதியும் அவன் தாயாரின் அனுமதியும் பெற்று எழுதுவதே. நம் மனத்தை உறுத்திய அந்த ஒரு வார்த்தைதான் நம்மைப் பழைய ஏடுகளைப் புரட்டவைத்தது. ஆட்டமுறையைப் பற்றியும் ஆட்டக்காரரின் நிலையைப் பற்றியும் மக்கள் எப்போதிருந்து வாதாடி வருகிறார்கள்? அந்த வாதங்களால் என்ன நன்மை விளைந்தது, என்ன தீமை விளைந்தது? நாம் கண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

ஆலய முற்றத்தில் உருண்ட பந்து

கால்பந்துக்கும் கோவில் முற்றத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1887-இல், மரியன்னை சபையைச் சேர்ந்த அயர்லாந்துத் துறவி சகோதரர் வால்ஃபிரிட், ஏழைப் பிள்ளைகளின் உணவுக்குப் பணம் திரட்டும் நோக்கத்துடன் ஒரு கழகத்தைத் தொடங்கினார். செல்ட்டிக் என்று உலகமெங்கும் அறியப்படும் கழகம் அதுவே. அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் 1908-இல், தெருவில் பந்தாடி டிராம் வண்டியில் அடிபட இருந்த சிறுவர்களை, சலேசியக் குருவான லொரென்சோ மாசா தம் ஆலய முற்றத்துக்குள் அழைத்தார். இங்கே ஆடலாம், ஆனால் ஞாயிறு திருப்பலிக்கு வரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அவரை நினைவுகூர்ந்து பெயரிடப்பட்டதே சான் லொரென்சோ கழகம். 2013 முதல் 2025 வரை திருச்சபையை வழிநடத்திய திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதல் அந்தக் கழகத்தின் ரசிகர். ஆகவே வேப்பமரத்தடிக் கூட்டத்தாருக்கு நல்ல முன்னோடிகள் உண்டு.

வெறுங்காலா, பூட்ஸா?

நம் நாட்டில் கால்பந்து, வெள்ளைக்காரப் படைப்பிரிவுகளோடும் மிஷன் பள்ளிகளோடும் கல்லூரிகளோடும் பரவியது. அந்நாளில் இந்திய ரசிகர்களைப் பல ஆண்டுகள் பிரித்துவைத்த வாதம் ஒன்றே: வெறுங்காலில் ஆடுவதா, பூட்ஸ் அணிந்து ஆடுவதா?

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டம். மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்ற கணக்கில் வென்றது. வென்ற பதினொருவரில் பத்துப்பேர் வெறுங்காலர். பூட்ஸ் அணிந்த ஒரே ஒருவர் சுதிர் சட்டர்ஜி. அவர் நம் சகோதர சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர், பிற்காலத்தில் போதகராக விளங்கியவர். அந்த வெற்றி நாட்டுக்கே எழுச்சியூட்டிற்று. வெறுங்காலே நம் பலம் என்று ரசிகர்கள் மார்தட்டினார்கள்.

அதிலும் உண்மை இருந்தது. வெறுங்கால் பந்தை உணரும், விரலால் திருப்பும், காய்ந்த தரையில் சட்டென்று திசைமாறும். 1936-இல் மொகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் வீரர் முகமது சலீம் கிளாஸ்கோ சென்று, நாம் மேலே குறிப்பிட்ட அதே செல்ட்டிக் கழகத்தில், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஸ்காட்லாந்து மக்கள் வியந்து நின்றார்கள். கழகத்தில் நிலைத்திருக்கும் வாய்ப்பு இருந்தும், ஊர் நினைவு வாட்டியதால் அவர் நாடு திரும்பினார். வேலைக்காகக் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் பங்கின் தாய்மாருக்கு அந்த மனம் நன்கு புரியும்.

ஆனால் வெறுங்காலுக்கு மழை எதிரி. நம் சாரல் காலத்துத் திடலில் வெறுங்காலோடு ஓடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்ற மொகமதன் ஸ்போர்ட்டிங் அணி, ஈரத்தரையில் பூட்ஸ் அணியும் வழக்கத்தைக் கைக்கொண்டதும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம்.

விடுதலைக்குப் பின் 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி பிரான்சைச் சந்தித்தது. பெரும்பாலோர் வெறுங்காலர். தலைவர், நாகா மலைநாட்டுப் போதகர் ஒருவரின் மகனும் பின்னாளில் மருத்துவராக விளங்கியவருமான தாலிமரென் ஆவ். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல் அதுவே. ஆயினும் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 2–1 என்று தோற்றோம்.

அடுத்து 1950 உலகக்கோப்பை. பிரேசில் நாட்டுக்கு நம் அணி செல்லவில்லை. வெறுங்காலில் ஆடத் தடைவிதித்ததால்தான் போகவில்லை என்ற கதை இன்றும் வேப்பமரத்தடிகளில் உலவுகிறது. கேட்க இனிமையாக இருந்தாலும் அது முழு உண்மையன்று. நெடுந்தூரக் கப்பற்பயணம், பயிற்சிக்குப் போதிய காலமின்மை, உலகக்கோப்பையைவிட ஒலிம்பிக்கே பெரிது என்று நிர்வாகிகள் எண்ணியது ஆகியவையே முக்கிய காரணங்கள் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். நம் முன்னோரின் பெருமையைச் சொல்லும் கதையானாலும் சரிபார்த்தே சொல்லவேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

வாதத்துக்கு முடிவு கட்டியது 1952. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் குளிரில் யூகோஸ்லாவியா நம்மை 10–1 என்று வென்றது. அதன்பின் பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. தாங்கமுடியாத தோல்விதான். ஆனால் அதற்காக ஒரு தனி ஆளைத் தூணில் கட்டிவைத்து அடிக்காமல், தவறு எதில் என்று பார்த்தார்கள். காலணியில் தவறு, ஆயத்தத்தில் தவறு என்று கண்டு திருத்தினார்கள். நான்கே ஆண்டுகளில் அதன் பலனையும் கண்டார்கள்.

பந்தைப் பகிர்தல்

நீண்ட பந்தா, குறும் பாஸா என்ற வேப்பமரத்தடி வழக்கு அதைவிடப் பழையது. உலகின் முதல் பன்னாட்டு ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று, ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கிளாஸ்கோவில் நடந்தது. இங்கிலாந்து வீரர்கள் உடல் கனத்தவர்கள். பந்து கிடைத்தவன் தானே அதை உருட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடுவதுதான் அவர்கள் அறிந்த ஆட்டம். உடல் மெலிந்த ஸ்காட்லாந்தினர் மோதி வெல்ல முடியாது என்று கண்டு, ஒருவருக்கொருவர் பந்தைத் தள்ளிக்கொடுத்து ஆடினார்கள். கோல் எதுவுமின்றி ஆட்டம் சமமாயிற்று. அன்று பலவீனத்துக்கு மாற்றாகப் பிறந்த பாஸ், காலப்போக்கில் ஆட்டத்தின் உயிராகிவிட்டது. தன்னிடம் இருப்பதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாதவன் தோற்பதில்லை என்ற பாடத்தை நற்செய்தியில் படிக்கிறோம். திடலிலும் அதைக் காணலாம்.

நம் நாட்டில் இந்த வித்தையை முறையாகக் கற்பித்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவர் பள்ளி ஆசிரியர். 1950 முதல் 1963-இல் இறக்கும்வரை இந்திய அணியின் பயிற்சியாளர். பந்தை உருட்டி ஏமாற்றுவதே கூடாது என்ற விதியுடன் ஒரு போட்டி, பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்ற விதியுடன் ஒரு போட்டி என்று நடத்தி வீரர்களைப் பழக்கினார் என்பர். இடக்கையால் எழுதிப் பழகச் சொல்லும் வாத்தியாரைப்போல! பிரேசில் அணி 1958-இல் நான்கு, இரண்டு, நான்கு என்ற அணிவகுப்பை உலகறியச் செய்தது. அதற்கு முன்னரே ரஹீம் அதைக் கையாண்டார் என்று கால்பந்து வரலாறு எழுதியவர்கள் அவரைப் பாராட்டுகின்றனர்.

1951-இல் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் அணி தங்கம் வென்றது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் கோவாக் குடும்பத்தில் பிறந்த நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதல் முறை. அரையிறுதியில் தோற்றாலும் நான்காம் இடம் கிடைத்தது. ஹெல்சிங்கியில் பத்துக் கோல் வாங்கிய நாடு இது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஃபார்ம் போனவர்கள் வென்ற கதை

இனி, நம் திடலில் அதிகம் புழங்கும் ஃபார்ம் என்ற சொல்லுக்கு வருவோம்.

1962-இல் ஜகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 2–0 என்று தோற்றது. நம் மரத்தடிக் கூட்டத்தார் அன்று இருந்திருந்தால் பாதி அணியை அன்று மாலையே ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ரஹீம் அனுப்பவில்லை. அடுத்து தாய்லாந்தை 4–1 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. அவர் இல்லாமலே ஜப்பானை 2–0 என்று வென்றார்கள்.

அரையிறுதியில் ஜர்னைல் சிங் தலைக்கட்டுடன் திரும்பினார். ரஹீம் அவரைத் தடுக்கும் இடத்தில் நிறுத்தாமல் கோல் அடிக்கும் இடத்தில், நடுமுன்களத்தில் நிறுத்தினார். தையல் போட்ட தலையுடைய தடுப்பாட்டக்காரரைக் கோலடிக்க அனுப்புவதா என்று யார்தான் கேட்கமாட்டார்கள்? தென்வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்தார். தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு அடித்தார். வெற்றி 3–2.

இறுதியாட்டம் செப்டம்பர் 4 அன்று. எதிரே மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காதது குறித்து இந்திய அதிகாரி ஒருவர் கூறிய கருத்தால் கோபமுற்றிருந்த மக்கள் கூட்டம், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல் கம்பங்களுக்கிடையே நிற்க ரஹீம் தேர்ந்தது பீட்டர் தங்கராஜை. அவரோ சளிக்காய்ச்சலால் தளர்ந்திருந்தார். உயரப் பந்துகளைப் பிடிக்க அவருடைய உயரம் வேண்டும் என்று ரஹீம் கருதினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதன்பின் தங்கராஜைக் கடந்து பந்து போகவில்லை. இந்தியா 2–1 என்று வென்று தங்கம் பெற்றது. அப்போதே ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11 அன்று அவர் காலமானார்.

பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடிப் புகழ்பெற்றவர். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. தொடக்கத்தில் அவர் முன்களத்தில் கோலடிக்க நின்றவர். அங்கிருந்து கோலைக் காக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டவர். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் என்று போற்றப்பட்டார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். ஓர் ஆள் ஓரிடத்தில் சோபிக்கவில்லை என்றால் அவன் உதவாதவன் என்று பொருளாகாது, அவனுக்குரிய இடம் வேறாக இருக்கலாம் என்பதற்கு ஜர்னைல் ஒரு சாட்சி என்றால் தங்கராஜ் மற்றொரு சாட்சி. உடலுக்கு உறுப்புகள் பல, எல்லாம் கண்ணாக இருக்கமுடியாது என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய உவமை நமக்கு நினைவுக்கு வருகிறது.

அதே அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் அருகே எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில், வலிமை மிக்க ஹங்கேரிக்கு எதிராக 2–1 என்று தோற்ற ஆட்டத்தில் நம் ஒரே கோலை அடித்தவர். நோயின் காரணமாக இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டார். 2023-இல் காலமானார். அவர் ஆட்டத்தை நேரில் கண்டவர்கள் இன்று அருகிவிட்டனர். ஆனால் மைதானத்தில் கிடைக்கும் கைத்தட்டல் எவ்வளவு குறுகிய காலத்தது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

ஐம்பதாண்டுத் தண்டனை

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். நம் அணி போகாத அதே 1950 உலகக்கோப்பையின் முடிவான ஆட்டம், ஜூலை 16 அன்று ரியோ நகரின் மரக்கானா அரங்கில் நடந்தது. சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. இரண்டு லட்சத்தை நெருங்கிய கூட்டம். உருகுவே 2–1 என்று வென்றது. வெற்றிக் கோல், காப்பாளர் மொவாசிர் பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையில் புகுந்தது. சற்று முன் விழுந்த கோலில் அதே வீரர் பந்தை நடுவே தள்ளிக்கொடுத்திருந்தார். ஆகவே இம்முறையும் அப்படியே செய்வார் என்று எண்ணிப் பார்போசா ஒரு அடி விலகி நின்றார். யோசித்துச் செய்த காரியம்தான். ஆனாலும் நாடு மன்னிக்கவில்லை. அந்நாளின் தலைசிறந்த காப்பாளர்களுள் ஒருவரான அவர், 2000-இல் இறக்கும்வரை அந்த ஒரு கோலைச் சுமந்தார். எவ்வளவு பெரிய குற்றத்துக்கும் தம் நாட்டில் முப்பதாண்டுக்கு மேல் தண்டனை இல்லை, தமக்கு மட்டும் ஐம்பதாண்டு ஆகிவிட்டது என்ற பொருளில் அவர் வருந்தியதாகச் சொல்வர்.

அவரைத் தண்டித்தவர்கள் தீயவர்கள் அல்லர். ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் மக்கள், கால்பந்தை உயிராய் நேசித்த மக்கள். அன்பு மிகுதியால்தான் அவர்கள் வாதாடினார்கள். அந்த வாதம் ஒரு மனிதன்மேல் பாரமாய் இறங்கியபோது அதைக் கவனிக்கத் தவறினார்கள். இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நமக்கு அருகே

தொலைதூரக் கதைகள் போதும் என்பீர்கள். நம் மாநிலத்திலேயே, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டுக் கத்தோலிக்க மீனவ ஊர்கள் உள்ளன. அங்கே கடற்கரை மணலில் பந்து உருளாத மாலை இல்லை. 2017-இல் ஒக்கிப் புயல் வீடுதோறும் ஆண்மக்களைக் கொண்டுபோன ஊர்கள் அவை. அவற்றுள் ஒன்றான இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் என்ற சகோதரர்கள் இந்தியாவின் முன்னணி அணிகளுக்குச் சென்றனர். மணலில் ஓடிப் பழகிய கால் புல்லில் பறக்கும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. ஆட்டமுறை என்பது புத்தகத்திலிருந்து மட்டும் வருவதன்று. மண்ணிலிருந்தும் வருவது.

ரெஜின் ஆடிய சென்னை சிட்டி அணி, ஸ்பெயின் நாட்டு வீரர்களின் துணையோடு குறும் பாஸ் முறையில் ஆடி, 2018–19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் நடந்த கடைசி ஆட்டத்தில், தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியும் 3–1 என்று வென்றார்கள். அவற்றுள் இரண்டு கோல்களை அடித்தவர் கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர். ஜர்னைல் சிங்கின் கதை ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் கோவையில் மறுபடி நடந்ததுபோலாயிற்று!

சூசைராஜோ 2020 நவம்பர் 20 அன்று, இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் ஆட்டத்திலேயே தொடக்க நிமிடங்களில் காலில் காயம்பட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் ஆடமுடியவில்லை. பின்னர் மறுபடியும் களத்துக்குத் திரும்பினார். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒருவன் ஃபார்மில் இல்லை என்பது மட்டுமே தெரியும். அவன் முழங்காலில் என்ன வலி, வீட்டில் என்ன கவலை என்பது தெரிவதில்லை.

2022 உலகக்கோப்பையின்போது நம் ஊர்த் தெருக்களில் ஒட்டிய படங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அர்ஜென்டினா தன் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2–1 என்று தோற்ற அன்று, மெஸ்ஸியின் காலம் முடிந்தது என்று நம் திடலில் தீர்ப்பளித்தவர்கள் பலர். டிசம்பர் 18 அன்று கோப்பையை ஏந்தியவர் அவரே. தீர்ப்பளித்தவர்கள் அன்றிரவு வெடி வெடித்தார்கள். அவர்களைக் குறைசொல்லவில்லை, நாமும் அவர்களில் ஒருவரே!

திடலுக்குத் திரும்புவோம்

பழைய ஏடுகளிலிருந்து நாம் கற்றது இதுவே. ஆட்டமுறையைப் பற்றிய வாதம் நல்லது. வெறுங்காலா பூட்ஸா என்று வாதாடியதால் நாடு வளர்ந்தது. நீண்ட பந்தா குறும் பாஸா என்று நம் மரத்தடியில் தொடர்ந்து வாதாடுங்கள், நாமும் வந்து கலந்துகொள்வோம். ஈரத்தரையில் எப்படி ஆடுவது, காப்பாளனுக்கு நல்ல கையுறை வாங்கித்தந்தோமா, நனைந்த பந்தில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தோமா என்றும் கேளுங்கள். உண்மையைச் சொன்னால், அன்று நம் பையன் அணிந்திருந்த கையுறை இரண்டாண்டுப் பழையது, உள்ளங்கை தேய்ந்தது. வழக்கு நடந்தபோது இதை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி, அவனுக்கு என்ன ஆயிற்று என்பது. அதையும் அவனிடம் கேட்கவில்லை, அவனைப் பற்றிக் கேட்டோம்.

சில வாரங்களுக்குப் பின் உபதேசியாரை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாயார் காப்பி போட்டுத் தந்தார். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நாம் மன்னிப்புக் கேட்டோம். ஒரு குருவானவர் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்கவேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்றான். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பந்து கைக்கு வந்திட்டுன்னுதான் நெனச்சேன்" என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் நின்றான். திடலுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

ஜூபிலி என்ற சொல்லின் பொருளை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் ஐம்பதாம் ஆண்டு எக்காளம் ஊதுவார்கள். அடிமைப்பட்டவன் விடுதலை பெறுவான், இழந்த நிலம் உரியவனிடம் திரும்பும், ஒவ்வொருவனும் தன் இடத்துக்குத் திரும்பிச் செல்வான். பார்போசாவுக்கு அந்த ஐம்பதாம் ஆண்டு எக்காளம் ஒலிக்கவேயில்லை. நம் பங்கில் அப்படி ஆகக்கூடாது.

திருவிழாவை ஒட்டி நடைபெறவிருக்கும் ஜூபிலி நட்பாட்டத்துக்கு வாலிபர் சங்கம் கூடி அணியைத் தேர்ந்தது. பின்களம், நடுக்களம், முன்களம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் வழக்கம்போல் பலத்த வாதம் நடந்தது. கோல் காப்பாளர் இடத்துக்கு வந்தபோது ஒருவரும் வாதாடவில்லை. அன்று வேனில் அதிகம் பேசியவரே எழுந்து அவன் பெயரைச் சொன்னார். புதுக் கையுறை ஒரு சோடி வாங்கி, கோவில்பிள்ளையின் பொறுப்பில் சக்கிறிஸ்து அலமாரியில் வைத்திருக்கிறோம். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அன்புள்ள தம்பி, இதை நீ வாசிப்பாய் என்று தெரியும். ஆட்டத்தன்று மழை பெய்தாலும் பெய்யும். பந்து வழுக்கினாலும் வழுக்கும். நீ வந்து நில்.

பங்கு மக்கள் யாவருக்கும் நம் ஜூபிலி ஆசீர். இறைவனுக்கே புகழ்!

உங்கள் பங்குத்தந்தை